மீன்வால் கத்தியும் சேனைத் தண்ணீரும்

பேய், பிசாசு, காற்று, கறுப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிறவள். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து, சுடுகாட்டை ஒட்டின பாதையில் ஒற்றையாளாக வீட்டுக்கு நடந்து வந்த கால்கள் இவை. புருஷன் போன பிறகு இத்தனை வருஷம் தனி வீட்டில் தூங்கி எழுந்திருக்கிறேன், ஒரு நிழல்கூட என்னிடம் வாலாட்டினதில்லை. சாமியாடி வந்து குறி சொன்னால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, கிழவிக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தம் கிடையாது. அஜ்மானில் அந்த மத்தியானம் நடந்தது நடந்ததுதான். கண்ணால் பார்த்தேன், நாக்கால் ருசியும் பார்த்தேன்.

சுகந்தி என் தம்பி மகள். அவளைப் பெற்றவள், பிள்ளை நடை பழகுவதற்குள் கண்ணை மூடிவிட்டாள். தம்பி வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான். எனக்குப் பிள்ளை கிடையாது, அவளுக்கு அம்மா கிடையாது, இரண்டையும் சேர்த்து ஒரு குடும்பமாக்கிக்கொண்டோம். படிக்க வைத்தேன், மதுரைப் பையன் பாலமுருகனுக்குக் கட்டிக் கொடுத்தேன், இரண்டு பேரும் வளைகுடாவுக்குப் போனார்கள். மாப்பிள்ளைக்கு வேலை துபாயில், அங்கே வாடகை கட்டுப்படியாகாது என்று குடியிருப்பு அஜ்மானில். அவளுக்கு முன்னால் இரண்டு தடவை கலைந்தது. மூன்றாவது தங்கினதும் போனில், "அத்தே, நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்றாள். விசிட் விசா எடுத்து அனுப்பினார்கள், போனேன்.

போகும்போதே ஒரு தகராறு. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் பிள்ளையின் தலைமாட்டில் இரும்பு வைப்போம். கத்தியோ, அரிவாளோ, பாக்குவெட்டியோ, ஏதோ ஒரு இரும்பு. பேயை நம்பாதவளுக்கு இரும்பு எதற்கு என்று கேட்பீர்கள். திருடன் வருவான் என்று நம்பியா கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறோம், போட வேண்டும், போடுகிறோம், அவ்வளவுதான். என் மாமியார் கொடுத்த பாக்குவெட்டியை மடியில் வைத்த மாதிரி கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனேன். மதுரை ஏர்போர்ட்டில் ஒரு பெண் போலீஸ் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, இத வச்சு யாரை வெட்டப் போறீங்க" என்று கேட்டாள்.

"பாக்கைத்தான் வெட்டுவேன். நீ குறுக்க வராம இருந்தா" என்றேன்.

சிரித்தாள், ஆனால் கொடுக்கவில்லை. பெரிய பெட்டியில் போட்டிருந்தால் போயிருக்குமாம். எனக்கு யார் சொன்னார்கள். அந்தப் பாக்குவெட்டி மட்டும் என்னோடு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிள்ளை மாசம் நிறையாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. ஒரு உள்ளங்கையில் ஏந்தலாம், அத்தனைதான். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் முதல் தடவை உள்ளே போனபோது சின்னச் சீசாவில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுபோனேன், சேனை வைக்க. சேனை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. தாலி இல்லாதவள் என்று கல்யாண வீட்டில் என்னை ஓரமாக உட்கார வைக்கிறவர்கள்கூட சேனைக்கு மட்டும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள், பிள்ளை என்னைப் போல நெஞ்சழுத்தத்தோடு வளர வேண்டுமாம். அப்படிப்பட்ட கையை ஒரு மலையாளத்து நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"அம்மே, வாயில் ஒந்நும் கொடுக்கருது கேட்டோ. இன்ஃபெக்ஷன் வரும்."

"ஒரு சொட்டுத்தான்மா."

"ஒரு சொட்டும் வேண்டா."

சீசாவை வாங்கி அவளே கொட்டிவிட்டாள். அவள் வேலை அது, குற்றம் சொல்லவில்லை. ஆனால் என் மனதில் அது ஒரு முள்ளாக நின்றுவிட்டது.

பிள்ளை கொஞ்சம் எடை கூடினதும் வீட்டுக்கு அனுப்பினார்கள், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற ஒரு மெல்லிய குழாயோடு. பிள்ளைக்குச் சப்பத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது, வாயையே திறக்கவில்லை. மார்பைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். பாட்டில் காம்பு வைத்தாலும் அப்படித்தான். சுகந்தி மெஷினில் பாலைப் பீய்ச்சி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, அந்தக் குழாயில் ஊற்றுவாள். பெற்றவள் மார்பில் பால் கட்டி நெறி ஏறிக் கிடக்க, பிள்ளை வாய் வறண்டு கிடக்க, நடுவில் ஒரு ரப்பர் குழாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் சமையல் செய்தேன். பூண்டுக் குழம்பு, கருவாடு என்று பத்தியம் பார்த்துப் பார்த்துச் செய்தேன், பால் பெருகிக்கொண்டுதான் இருந்தது, குடிக்கத்தான் ஆள் இல்லை.

டாக்டர் அம்மா கடைசியில் சொல்லிவிட்டார். மூளையில் குறை இல்லை, தொண்டையில் குறை இல்லை, ஏன் குடிக்கவில்லை என்று தெரியவில்லை, மூக்குக் குழாயை ரொம்ப நாள் வைக்க முடியாது, அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் வயிற்றில் ஓட்டை போட்டு அங்கே ஒரு குழாய் வைக்க வேண்டும் என்று. அந்தச் சின்ன வயிற்றில். மயக்க மருந்தைத் தாங்குவானா என்று மாப்பிள்ளை கேட்டதற்கு அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லையாம்.

அதற்குப் பிறகு சுகந்தி என்னோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், நேரம் வந்தால் எழுந்து பால் பீய்ச்சுவாள், குழாயில் ஊற்றுவாள், படுப்பாள். பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. நான் கேட்டபோது, "பேரு வச்சா கூப்பிடணும் அத்தே. கூப்பிட்டுப் பழகிட்டா அப்புறம்..." என்று நிறுத்திக்கொண்டாள். அடுப்படியில் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கக்கூடாது என்று. என் வயதுக்கு அழுகை வருவது லேசில்லை.

அப்போதுதான் இரும்பு ஞாபகம் வந்தது. எனக்குச் செய்யக் கையில் வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள். அந்த வீட்டில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு துண்டு நல்ல இரும்பு இல்லை. கத்தியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பீங்கான் கத்தி. மிச்சமெல்லாம் எவர்சில்வர். தோசைக்கல்கூடக் கறுப்புப் பூச்சுப் பூசின ஏதோ ஒன்று.

மாப்பிள்ளை வேலை என்னவென்று சொல்ல வேண்டும். அவருடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, பெரிய கை. பழைய காலத்துச் சாமான்களாக வாங்கி வாங்கி ஒரு மாளிகை நிறைய வைத்திருக்கிறார். அதையெல்லாம் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பெட்டி செய்து அடுக்குவது மாப்பிள்ளை வேலை. பிள்ளை இப்படி என்று தெரிந்ததும் அந்த மனுஷர், "யல்லா, வீட்டுக்குப் போ, சின்னச் சாமானாக எடுத்துக்கொண்டு போய் அங்கேயே போட்டோ எடு, பெண்சாதி பக்கத்தில் இரு" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர். அதனால் ஹால் மேசை டிராயரில் சில பெட்டிகள் இருந்தன.

ஒரு மத்தியானம் நான் அந்த டிராயரைத் திறந்தேன். சாவி அதிலேயே தொங்கியது. ஒரு பெட்டிக்குள் பஞ்சு மாதிரி ஒன்றில் குழி வெட்டி, அதில் ஒரு கத்தி படுத்திருந்தது. என் கை நீளம் இருக்காது, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை இருக்கலாம். கரும்பழுப்பு நிறம், துருவேறின பழைய இரும்பு மாதிரியே. ஒரு முனை குறுகி, பிடி போட வாகாக. மறுமுனை விரிந்து நடுவில் பிளந்து, அசல் மீன்வால். ஓரம் மெலிந்து பல் பல்லாகக் கூர்மை. மேலே கறுப்பு மையில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ எழுத்து. பெட்டியின் மேல் இங்கிலீஷில் ஒட்டியிருந்தது, எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். கடற்கரை ஊர்க்காரர்கள், மீன் அறுக்கிற பழைய கத்தி போலிருக்கிறது, எத்தனை தலைமுறை இரும்போ, இதுதான் சரி என்று எடுத்துக்கொண்டேன். என் வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே முடிச்சுப் போட்டு, தொட்டிலின் மெத்தைக்கு அடியில், தலைமாட்டுப் பக்கம் செருகி வைத்தேன். அங்கே தொட்டில் என்றால் நம் சேலைத் தொட்டில் இல்லை, நாலு பக்கமும் மரக்கம்பி போட்ட கட்டில். யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள். மாப்பிள்ளை ஏதோ அவசரம் என்று துபாய்க்குப் போயிருந்தார். மத்தியானம் சுகந்தி ஒரு அலறல் அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளை கையை ஆட்டின ஆட்டில் மூக்குக் குழாய் வெளியே வந்துவிட்டது. அதை மறுபடி போட ஆஸ்பத்திரிக்காரர்களால்தான் முடியும். அவள் போன் போட்டாள், மாப்பிள்ளை ஷார்ஜா ரோட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். ஏதோ விபத்தாம், வண்டி ஒரு அடி நகரவில்லையாம். டாக்சி கூப்பிடலாம் என்றேன். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கொண்டுபோனா திரும்ப அனுப்ப மாட்டாங்க அத்தே. அப்படியே ஆபரேஷன்னு எழுதிருவாங்க. அவரு வரட்டும். நான் தனியாக் கொண்டுபோய்க் குடுக்க மாட்டேன்."

"ஏத்தா, பசிக்குமேத்தா பிள்ளைக்கு."

"பசிச்சா வாயத் தொறக்கட்டும்" என்றாள். அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஏதோ முன்பின் தெரியாத வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்க என்று. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திரை போட்டிருந்தது, வெளியே கொளுத்துகிற வெயில், திரையின் ஓரம் மட்டும் வெள்ளையாக எரிந்தது. ஏசி உர்ரென்று ஓடியது. பிள்ளை அழவில்லை. அதுதான் கொடுமை. பசித்த பிள்ளை வீட்டைக் கூரையோடு தூக்க வேண்டும், இவன் உதட்டை ஒட்டிக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டு கிடந்தான். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எங்கள் குலசாமி, இருக்கன்குடிக்காரி, மதுரைக்காரி, வேளாங்கண்ணி மாதாவைக்கூட விடவில்லை. பெயர்கள் தீர்ந்துபோயின. கடைசியில் என்ன சொன்னேன் தெரியுமா, வாய்விட்டுத்தான் சொன்னேன், "யாராவது வாங்கத்தா. பிள்ள பெத்தவ யாராவது இருந்தா வாங்க. இவன் வாயத் தொறங்க."

யாராவது என்று சொன்னேன். இன்னார் என்று சொல்லவில்லை.

முதலில் வாசம் வந்தது. கண்மாய் வற்றுகிறபோது கரையில் கறுப்பாக வெடித்துக் கிடக்குமே வண்டல், அதில் தண்ணீர் பட்ட வாசம். அடுக்குமாடியில் அத்தனை உயரத்தில், ஜன்னலே திறக்காத வீட்டில், நாலு பக்கமும் மணலாக இருக்கிற ஊரில், வண்டல் எங்கே இருந்து வரும். ஏசியில் ஏதோ ஒழுகுகிறது என்று நினைத்துத் தலையைத் திருப்பினேன்.

தொட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த வீட்டைத் துடைக்க ஒரு எத்தியோப்பியாப் பெண் வாரத்தில் சில நாள் வருவாள். அவள்தான் சாவி போட்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "இன்னைக்கு வேலை மாஃபி. போம்மா" என்றேன், மாஃபி என்றால் இல்லை என்று அங்கே கற்றுக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவில்லை. முதுகும் பக்கவாட்டும்தான் எனக்குத் தெரிந்தன. தலைமுடி மெல்லிய மெல்லிய சடைகளாக. தோளில் துணி இல்லை. குதிகால் இரண்டும் தரையில் பதிய, முட்டி அகல உட்கார்ந்திருந்தாள், பிள்ளை பெறப் போகிறவள் உட்கார்கிற மாதிரி. ஆனால் வயிறு தளர்ந்து தொங்கியது. அது பெற்று முடித்த வயிறு. எத்தனை பேருக்குப் பத்தியம் சமைத்துப் போட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா அந்த வயிறு. பாதத்தில் கறுப்பு மண் ஒட்டிக் காய்ந்து வெடித்திருந்தது. செருப்பைக்கூட வாசலுக்கு வெளியே கழற்றுகிற வீடு அது.

அப்போதுதான் எழுந்திருக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. மரத்துப்போன மாதிரி இல்லை, கால் என்று ஒன்று எனக்கு இல்லாத மாதிரி.

அவள் மரக்கம்பிக்கு நடுவில் கையை விட்டாள். அவசரமே இல்லாத கை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் செய்தாள், த்சொ, த்சொ என்று, தூங்குகிற பிள்ளையைப் பாலுக்கு எழுப்ப நாமும் அப்படித்தான் செய்வோம். அவள் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, பிள்ளை முகத்தை அவள் கை மறைத்தது. பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு உதடு பிரிகிற சத்தம். அத்தனை சின்னச் சத்தம் ஏசி சத்தத்தைத் தாண்டி எப்படிக் கேட்டது என்று கேட்காதீர்கள், கேட்டது. அதற்குப் பின்னால் சப்புகிற சத்தம். பிள்ளை எதையோ சப்புகிறான்.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தாள், முகம் தெரிகிற அளவுக்கு இல்லை, கன்னம் மட்டும். நான் கூப்பிட்டதற்காக வந்தவள், இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தச் சாய்ப்பு.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. நான் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை. பிள்ளை வீல் என்று அழுதான். பிறந்ததிலிருந்து அப்படி அழுததில்லை. வாயை அகலத் திறந்து, நாக்குத் துடிக்க.

சுகந்தி ஓடி வந்தாள். சொல்ல எனக்கு நாக்கும் இல்லை. "எடு, எடு" என்று கையை மட்டும் காட்டினேன். அவள் எடுத்து மார்போடு அணைத்தாள். கவ்வினான். ஒரு நொடி அவள் மூச்சை நிறுத்தினாள். பிறகு, "அத்தே, இழுக்குறான். அத்தே, வலிக்குது" என்றாள். சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள், அவள் அழ அழ அவன் குடித்தான். மறுபக்கத்து மார்பில் பால் தானாக ஒழுகி அவள் துணி நனைந்தது.

என் கால் திரும்ப வந்தது. தொட்டிலைப் போய்ப் பார்த்தேன். அவன் தலை இருந்த குழிக்குப் பக்கத்தில், விரிப்பின் மேல், அந்த மீன்வால் கத்தி கிடந்தது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். என் வெள்ளைத் துணி நான் செருகின இடத்திலேயே இருந்தது. போட்ட முடிச்சு போட்ட மாதிரியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கத்தியின் பிளந்த நுனி ஈரமாக இருந்தது. விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டியது. எனக்கு என்ன புத்தியோ, நாக்கில் வைத்தேன். இனிப்பு. தேன் இல்லை, கருப்பட்டி இல்லை, அந்த ஊர்ப் பேரீச்சம்பாகும் இல்லை. இத்தனை வயதுக்கு நான் இனிப்பு என்று தின்றது எதிலும் சேராத ஒரு இனிப்பு, கடைசியில் கொஞ்சம் மண் ருசி.

மாப்பிள்ளை வந்தபோது பிள்ளை குடித்து, தூங்கி, மறுபடி குடித்துக்கொண்டிருந்தான். மனுஷர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சிரித்து அழுது முடிகிற வரை பொறுத்திருந்துவிட்டு, நான் கத்தியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன், மெத்தைக்கு அடியில் வைத்தேன் என்று மட்டும் சொல்லி. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"இரும்பு. பிள்ளைக்குக் காவல்."

"இரும்பில்ல அத்தை. கல்லு. மனுஷன் இரும்பையே பார்க்காத காலத்துக் கல்லு. எகிப்துல, பெரிய பெரிய பிரமிடெல்லாம் கட்டுறதுக்கும் முந்தி செஞ்சது. கீழ போட்டிருந்தீங்கன்னா கஃபீல் என்னைய இல்ல, நம்ம மூணு தலைமுறையவும் வித்தாலும் பத்தாது."

கல். நான் அதை விரலால் சுண்டிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குக் குளிர் அடித்தது. இரும்பு வைத்தால் எதுவும் கிட்டே வராது என்றுதானே வைப்பது. நான் வைத்தது இரும்பே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம், அவர் கோபம் ஆறின பிறகு, அதன் கதையைக் கேட்டேன். ஒரு வெள்ளைக்கார டாக்டர், நெஞ்சு நோவுக்காக எகிப்துக்குக் காற்று மாற்றப் போனவர், மணலில் பழைய சமாதிக் குழி தோண்டுகிற இடத்தில் எடுத்துக்கொண்டு போனாராம். மேலே இருக்கிற மை எழுத்து அவர் எழுதின நம்பர். அவர் போன பிறகு அவர் தங்கச்சி வீட்டில் கண்ணாடி அலமாரியில் கொஞ்ச காலம். அவளுக்குப் பின்னால் ஜெர்மனியில் ஒரு மில் முதலாளி வாங்கி மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்தாராம். அப்புறம் பெய்ரூட்டில் ஒரு பணக்கார அம்மா. அப்புறம் லண்டனில் ஏலம், அங்கே கஃபீல் எடுத்தது. இப்படி ஒவ்வொரு கையாகச் சொல்லிக்கொண்டே போனார். யாரிடமிருந்து யாருக்கு என்று வரிசை சுத்தமாக இருந்தால்தான் அந்தச் சாமானுக்கு மதிப்பாம்.

"இது எதுக்குன்னு வச்சிருந்தாங்க?" என்று கேட்டேன்.

"யாருக்கும் உறுதியாத் தெரியாது அத்தை. செத்தவங்க உதட்டுல இத மாதிரி ஒண்ண வச்சு வாயத் தொறக்குற சடங்கு இருந்துச்சாம், அங்க போய்ச் சாப்பிடணும்ல. பிறந்த பிள்ளைக்குக் கொடி அறுக்குறது, வாயச் சுத்தம் பண்றதுன்னும் சிலர் சொல்றாங்க. அதைப் பார்த்துத்தான் செத்தவங்களுக்கும் செஞ்சாங்கன்னு."

நம் ஊரில் வாய்க்கரிசி போடுகிறோம். சேனையும் வைக்கிறோம். வருகிற வாய்க்கும் போகிற வாய்க்கும் ஒரு கை கொடுத்து அனுப்புகிறது. அவர்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

"அது யாரோட குழி? யாரு கூட வச்சிருந்தது?"

"ஒரு பொம்பளையோட குழின்னு மட்டும் சொல்வாங்க. பேரெல்லாம் இல்ல. அந்தக் காலத்துல எழுத்தே இல்லையே."

வாங்கினவன் பெயர் இருக்கிறது, விற்றவன் பெயர் இருக்கிறது. உடையவள் பெயர் மட்டும் இல்லை. இத்தனை வீட்டு அலமாரி, இத்தனை வீட்டு மேசை, ஒருவரும் அதை அதன் வேலைக்கு எடுக்கவில்லை. இரும்பு என்று நினைத்துப் பிள்ளையின் தலைமாட்டில் நான் வைத்தேன். வைத்துவிட்டு வாங்கத்தா என்று கூப்பிட்டும்விட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சில பிள்ளைகள் குழாய் போனதும் பசியில் தானாகப் பழகிக்கொள்ளும், அதிசயம் இல்லை என்றார். இருக்கட்டும். நான் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. நான் பார்த்ததை அன்றைக்கு இராத்திரி சுகந்தியிடம் சொன்னபோது, "நீ தூங்காமக் கொள்ளாம இருந்தேல்ல அத்தே" என்று என் காலைப் பிடித்துவிட்டாள். முடிச்சைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவளும் பேச்சை மாற்றுவாள். மாப்பிள்ளை அந்தக் கல்லை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இப்போது அது கஃபீலிடமும் இல்லை, வேறு ஏதோ நாட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அந்த வரிசையில் எங்கள் வீடு கிடையாது.

பிள்ளைக்குக் கதிர்வேல் என்று பெயர் வைத்தோம். இப்போது அங்கேயே பள்ளிக்கூடம் போகிறான், வாயை மூடவே மாட்டேன் என்கிறான், எல்லாம் இங்கிலீஷ். லீவுக்கு வரும்போது ஊரில் யாராவது, "பையன் இம்புட்டு அமைதியான கையா இருக்கானே, எதையும் பதறாம எடுக்குறானே, யாரு சேனை வச்சது" என்று கேட்டால் நான் வெற்றிலையை மடிப்பேன்.

அவனுக்கு ஒரு பழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எதைச் சாப்பிட்டாலும் முதல் வாயை எடுத்து, தன் இடது பக்கம், கொஞ்சம் தாழ்வாக, காற்றில் நீட்டிக்கொண்டு இருப்பான். கொஞ்ச நேரம். பிறகு அவனே தின்பான். சுகந்தி சிரிப்பாள், விளையாட்டு என்பாள். வீடியோ போனில் நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவன் நீட்டுகிற உயரம் எனக்குத் தெரியும், குத்தவைத்து உட்கார்ந்தால் ஒரு ஆளின் வாய் எங்கே வருமோ அந்த உயரம்.

போன மாசம் அப்படித்தான் வீடியோ போனில் பேசிக்கொண்டிருந்தோம், நான் ஊரில், அவர்கள் அங்கே. எனக்கு நெஞ்சு படபடப்பு, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தேன், அதை விசாரிக்கத்தான் சுகந்தி கூப்பிட்டாள். கதிர் தட்டில் இட்லி. முதல் துண்டைப் பிய்த்தான். வழக்கம் போல இடது பக்கம் நீட்டவில்லை. போனுக்கு நேராக நீட்டினான். எனக்கு ஊட்டுகிறான் என்று நினைத்து ஆ என்று வாயைத் திறந்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"உங்களுக்கு இல்ல அம்மாச்சி. பக்கத்துல" என்றான்.

கையைக் கொஞ்சம் தாழ்த்தினான். என் நாற்காலிக்கு இடப்பக்கம், என் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ரொம்ப நேரம் நீட்டிக்கொண்டே இருந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை, இந்தத் தடவை அவள் எந்த வாய்க்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சித்திரை வெயில், எங்கள் கண்மாய் வெடித்துக் கிடந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈர வண்டல் வாசம் மட்டும் வந்தது.